கூரையும் காணியும்: இலங்கையின் வீடமைப்புக் கொள்கையும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பும்

1987ஆம் ஆண்டு, வீடற்றோர்க்கு உறைவிடம் வழங்கும் சர்வதேச ஆண்டாக உலகெங்கும் அனுட்டிக்கப்பட்டது. அத்தகைய ஆண்டொன்று பிரகடனஞ் செய்யப்பட வேண்டுமெனும் யோசனையை 1980இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் முன்வைத்தவர் அப்போதைய இலங்கைப் பிரதமர் ஆர். பிரேமதாச ஆவார். 1982 டிசெம்பரில் பொதுச்சபை அதனை ஏற்றுக்கொண்டது. சிறிய நாடொன்றின் வீடமைப்பு அனுபவம் உலக அரங்கில் கவனம் பெற்றமைக்கு இது சான்றாகும். அதே 1987இல் இலங்கைப் பாராளுமன்றம் பிரதேச சபைகள் சட்டத்தையும் நிறைவேற்றியது. அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகளின் நிதியைப் பெருந்தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. தோட்டப்புற மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அம்மக்களின் லயன்களுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட இயலாத நிலை இதனால் தோன்றியது.

ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகின்றது. உழைக்கும் குடும்பங்களுக்கு அவர்தம் வருவாய்க்கேற்ற வீடு கிடைக்க வேண்டுமென இத்துணை முயன்ற ஒரு நாட்டில், நாட்டின் ஏற்றுமதி வருவாயை நெடுங்காலமாக ஈட்டித் தந்த தொழிலாளர் குடும்பங்கள் நூறாண்டு பழைமை வாய்ந்த அறைகளில் தங்கிவிட்டமைக்குக் காரணம் யாது? பணப் பற்றாக்குறை, குடியுரிமையின்மை, நிருவாக அசட்டை எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவை யாவும் உண்மையே. எனினும் அவற்றுக்கெல்லாம் அடிப்படையாய் அமைந்தது காணிப் பிரச்சினை என்பதை வீடமைப்புக் கொள்கையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

லயனின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகள் முதல் மத்திய மலைநாட்டிற் பரவிய கோப்பிப் பயிர்ச்செய்கை, பருவகால உழைப்பையே பெரிதும் வேண்டி நின்றது. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த தொழிலாளர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது சில மாதங்கள் தங்குவதற்கான கொட்டிலே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததன் பின்னர் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. பெண்களின் உழைப்பு இதற்கு இன்றியமையாததாயிற்று. ஆகவே தனி ஆட்களாக வந்து சென்றோர் குடும்பங்களாக நிலைபெற்றனர்.

தொழிலின் இயல்பு இவ்வாறு மாறிய போதிலும் உறைவிடத்தின் இயல்பு மாறவில்லை. கொட்டிலுக்குப் பதிலாகக் கல்லாலும் தகரத்தாலும் ஆன நீண்ட லயன்கள் எழுந்தன. ஒரு வரிசை அறைகள் கொண்டது ஒற்றை லயன். முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசைகள் கொண்டது இரட்டை லயன். பின்னதில் அறைக்குப் பின்பக்கச் சன்னலோ வாயிலோ இருத்தல் இயலாது. பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட காம்பராவும் அதன் முன்னே சிறியதோர் இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் இருப்பிடமாயின. இஸ்தோப்பின் ஒரு மூலை அடுப்படியானது. குளிக்கவும் குடிக்கவும் பொதுவான பீலி. பிறப்பும் திருமணமும் நோயும் இறப்பும் நூற்றிருபது சதுர அடிக்குள் நிகழ்ந்தன.

லயன்கள் அமைந்த இடமும் நோக்கற்பாலது. தொழிற்சாலைக்கும் பெரட்டுக் களத்துக்கும் அண்மையில், துரையினதும் கங்காணியினதும் பார்வைக்குட்பட்டு அவை கட்டப்பட்டன. அறைக்கு வாடகை இல்லை. அது வேலையோடு சேர்த்து வழங்கப்பட்டது. ஆதலின் வேலை நீங்கியதும் அறையும் நீங்கும். வேலைநீக்கச் சீட்டினைத் தோட்ட மக்கள் பத்துச்சீட்டு என்பர். பத்துச்சீட்டுக் கிடைத்த குடும்பம் தொழிலை இழந்த அன்றே உறைவிடத்தையும் இழந்தது. தொழிற்சங்கம் அமைக்க வந்தோர் லயனுக்குள் நுழைவது அத்துமீறல் எனக் கொள்ளப்பட்டமையும் இவ்வுரிமை நிலையின் விளைவே. 1930களில் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய கோ. நடேசய்யர், புடைவை வியாபாரிபோல் வேடம் பூண்டு தோட்டங்களுட் புக நேர்ந்ததெனக் கூறப்படும் செய்தி இதனையே உணர்த்துகின்றது. ஒரு மனிதன் தன் வாயிலுக்கு யாரை அழைப்பது என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாத இடத்தை வீடு எனக் கூறுதல் அரிது.

சட்டம் கண்ட வீடும் காணாத அறையும்

அரசு லயன்களை முற்றாகக் கவனியாது விட்டதெனக் கூறுதல் பொருந்தாது. தொற்றுநோயும் உயர்ந்த மரண வீதமும் ஆட்சியாளரைக் கவலை கொள்ளச் செய்தன. 1912இல் இயற்றப்பட்ட கட்டளைச்சட்டங்கள் தோட்டங்களின் மருத்துவ வசதி, சுகாதாரம் என்பன பற்றி விதிகள் வகுத்தன. ஆயின் இவை உழைக்கும் உடலை நோயினின்று காப்பதை நோக்கமாகக் கொண்டவை. குடியிருப்போனுக்கு அறையின்மீது உரிமை எதனையும் அவை வழங்கவில்லை.

நகர்ப்புறத்தில் வரலாறு வேறு வழியிற் சென்றது. துறைமுகத்தையும் புகையிரதப் பாதையையும் சார்ந்து கொழும்பு வளர்ந்தபோது, தொழிலாளர் நெருக்கமான குடியிருப்புத் தொகுதிகளில் அடைந்து வாழ்ந்தனர். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் கட்டடங்களை ஒழுங்குபடுத்த முற்பட்டது. 1921இல் நகரமைப்பு அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கென ஒரு திட்ட அறிக்கை தயாரித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வாடகை உயர்ந்தபோது, 1942இல் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. சுதந்திரத்தின் பின்னர் 1949இல் வீடமைப்புக் கடன் சட்டமும், 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னது தேசிய வீடமைப்பு நிதியத்தைத் தோற்றுவித்து, வீடு கட்டுவதைத் தேசியக் கடமைகளுள் ஒன்றாக்கியது.

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசில் வீடமைப்பு அமைச்சராயிருந்த பீற்றர் கெனமனின் காலத்திற் கொள்கை மேலும் ஓர் அடி முன்னேறியது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையாளருக்கு வலுவான பாதுகாப்பு அளித்தது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையை வரையறுத்தது. தனியாள் ஒருவருக்கு இரண்டு வீடுகள். குடும்பமாயின் தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிய தொகை. மிகையான வீடுகளை அவற்றிற் குடியிருந்த வாடகையாளர் வாங்குவதற்கு வழி திறந்தது. கொழும்பின் கூலித் தொழிலாளி ஒருவன் தான் வாழ்ந்த வீட்டின் உரிமையாளனாவதைச் சட்டம் இயலச் செய்தது.

இச்சட்டங்களின் தர்க்கத்தை ஆராயின் ஓர் உண்மை புலனாகும். வாடகைச் சட்டம் வாடகையாளனைக் காத்தது. லயன்வாசி வாடகை கொடுப்பதில்லை. ஆதலின் அவன் வாடகையாளன் அல்லன். தொழிலின் பொருட்டு அறையிலிருக்க அனுமதிக்கப்பட்டவன் என்பதே சட்டத்தின் கண்ணில் அவனது நிலை. உச்சவரம்புச் சட்டம் வீட்டுச் சொந்தக்காரனையும் வாடகையாளனையும் பற்றியது. லயன்வாசி இவ்விருவருள் எவனும் அல்லன். நகரத் தொழிலாளிக்கு அரண்களாக அமைந்த சட்டங்கள் தோட்டத் தொழிலாளியைப் பகைத்து ஒதுக்கவில்லை. அவை அவனைக் காணவேயில்லை. வாடகையில்லா அறை எனும் சலுகையே சட்டப் பாதுகாப்பு அவனை அடையாவண்ணம் தடுத்தது.

காணியைப் பெறும் வழியும் அடைபட்டிருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் முடிக்குரிய காணிகளைக் குடியானவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வகை செய்தது. ஆனால் அச்சட்டம் இலங்கையர் என வரையறுத்தோருள் இந்தியத் தொழிலாளர் இடம்பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் அவர்களை அரசியற் குரலற்றோராக்கின. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனக் கூறி, எஞ்சிய 1,50,000 பேரின் நிலையைப் பின்னர்த் தீர்மானிப்பதற்கு விட்டது. எந்த நாட்டில் வாழப்போகின்றோம் என்பதே தெரியாத குடும்பத்துக்கு நிலையான வீடு அமைக்க எவரும் அவசரப்படவில்லை என்பதில் வியப்பில்லை.

காணிச் சீர்திருத்தமும் லயனும்

லயன்வாசிகளின் காணி உரிமை இருமுறை வெளிப்படையான போராட்டமாக வடிவெடுத்தது. முதலாவது 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தில் நிகழ்ந்தது. காணியற்ற கிராமத்தவர்க்கு வழங்கும் பொருட்டு அரசு அத்தோட்டத்தைச் சுவீகரித்து, தொழிலாளரை லயன்களை விட்டு வெளியேறுமாறு பணித்தது. அவர்கள் மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாகச் சுற்றுப்புறத் தோட்டங்களின் தொழிலாளரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடவில்லை. தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் தொடர்ந்து வாழும் உரிமையே அங்கு கேட்கப்பட்டது.

கிராமத்தவரின் காணித் தாகமும் பொய்யன்று என்பதை இவ்விடத்து மறத்தலாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாக்கியது. அவற்றிற் பெரும்பகுதி தோட்டங்களாக மாறிற்று. கண்டிப் பிரதேசத்துக் கிராமத்தவன் காணியை இழந்தான். தோட்டத் தொழிலாளி காணியைப் பெறவேயில்லை. ஒரே வரலாற்றின் விளைவுகளான இவ்விரு வறுமைகளும் பின்னர் ஒன்றோடொன்று மோதுமாறு விடப்பட்டமை துயரமானது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு ஐம்பது ஏக்கர் எல்லை விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. இதனால் லயன்களின் சொந்தக்காரன் அரசே ஆயிற்று. வீடமைப்பைத் தேசியக் கடமையாக ஏற்ற அரசும், லயன்களுக்கு உரிமை பூண்ட அரசும் ஒன்றேயான அவ்வேளையில், லயனைச் சூழ்ந்த நிலத்திற் சிறு துண்டைக் குடும்பங்களுக்கு உரித்தாக்குதல் இயலாத காரியமன்று. அது நிகழவில்லை. மாறாக 1977இல் நுவரெலியாப் பகுதியில் ஏறத்தாழ 7,000 ஏக்கர் தோட்டக் காணியைத் தோட்டத்துக்கு வெளியேயிருந்தோர்க்குப் பகிர்ந்தளிக்க முயற்சி மேற்கொள்ளப்பட்டது. தொழிலாளர் எதிர்த்துத் திரண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில் நிகழ்ந்த பொலிஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் சிவனு லெட்சுமணன் எனும் இளைஞர் உயிரிழந்தார். அவரது பெயர் மலையக மக்களின் காணி உரிமைக் கோரிக்கையோடு இணைந்துவிட்டது.

பத்து இலட்சம் வீடுகள்

1977இல் ஆட்சி மாற்றம் ஏற்பட்டதும் வீடமைப்பு, அரசின் முதன்மைத் திட்டங்களுள் ஒன்றாயிற்று. 1978இல் நூறாயிரம் வீடுகள் திட்டம் தொடங்கப்பெற்றது. 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. அரசே கட்டிக் கொடுக்கும் வீடுகளும் மாடித் தொகுதிகளும் பெருஞ் செலவை விழுங்குவதும், குடும்பம் தன் உழைப்பாற் கட்டும் வீடு குறைந்த செலவில் அமைவதும் இத்திட்டத்தின் அனுபவமாக வெளிப்பட்டன. இவ்வனுபவமே 1984இல் ஆரம்பித்த பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் அடித்தளமாயிற்று.

இத்திட்டத்தின் தத்துவம் எளிதானது. வீட்டைக் கட்டுவது குடும்பம். அதற்குத் துணை நிற்பது அரசு. சில ஆயிரம் ரூபாய் அளவான சிறுகடன், கட்டட ஆலோசனை, தரக்கட்டுப்பாட்டு விதிகளிற் சலுகை என்பனவே அரசின் பங்கு. கூரை மாற்றுவதா, சுவர் எழுப்புவதா, புதிய வீடே கட்டுவதா என்பதைக் குடும்பமே தீர்மானித்தது. மக்கள் தம் வீட்டைப் பற்றிய முடிவுகளைத் தாமே எடுக்க வேண்டுமென எழுபதுகளில் ஜோன் ரேணர் போன்றோர் எழுதிய கருத்துகள், தேசிய அளவிற் கொள்கையாக்கப்பட்டமைக்கு இலங்கை முன்னோடி எனலாம். குறைபாடுகளும் இருந்தன. மிக வறிய குடும்பங்களாற் கடனைத் திருப்பிச் செலுத்த இயலவில்லை. எனினும் நாட்டுப்புறங்களில் ஓலைக் கூரைகள் ஓட்டுக் கூரைகளாக மாறுவதற்கு இத்திட்டம் பேருதவி புரிந்தது.

இதன் வெற்றிக்குரிய முன்நிபந்தனை பலராலும் கவனிக்கப்படுவதில்லை. கிராமத்துக் குடும்பத்துக்குப் பரம்பரைக் காணியோ அரச அனுமதிப்பத்திரக் காணியோ ஏற்கெனவே இருந்தது. கொழும்பின் சேரிவாசிக்கு அது இருக்கவில்லை. ஆகவே நவகம்புர போன்ற இடங்களில் ஏறத்தாழ இரண்டு பேர்ச் அளவான நிலத்துண்டு முதலில் ஒதுக்கப்பட்டு, அதன்மேற் கடன் வழங்கப்பட்டது. நிலம் முதலில், கடன் அடுத்து, சுவர் இறுதியில் என்பதே வெற்றி கண்ட இடங்களில் எல்லாம் காணப்படும் வரிசை. நிலத்தில் உறுதிப்பாடு கிடைத்ததும் குடும்பம் தன் சேமிப்பையும் உழைப்பையும் அதிற் கொட்டியது. அரசின் சிறுகடன் பெரிய பயன் தந்தமைக்கு இதுவே காரணம்.

தோட்டங்களுக்கெனவும் துணைத்திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் அங்கு நிலம் கைமாறவில்லை. காணியற்றவன் எதன்மேற் கட்டுவான்? கிராமத்தவனுக்குக் கூறப்பட்ட ‘உன் வீட்டை நீயே கட்டு’ எனும் அறிவுரை லயன்வாசிக்குப் பொருளற்றதாயிற்று. எனவே தோட்டப்புற முயற்சிகள் பெரும்பாலும் கூரைத்தகரம் மாற்றுதல், மலசலகூடம் அமைத்தல், நீர்வசதி செய்தல் என்பவற்றோடு அமைந்தன. இவை தேவையானவையே, பல உயிர்களைக் காத்தவை. ஆனால் இவை திருத்த வேலைகள். திருத்தப்பட்ட பின்னும் லயன் லயனாகவே இருந்தது. 

ஏழு பேர்ச் காணி

1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினைக்குப் படிப்படியாக முடிவு கண்டன. குடியுரிமை கிடைத்ததும் வீடு கிடைக்கும் எனும் எதிர்பார்ப்பு நியாயமானது. ஆயின் 1992இல் அரச தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. லயன்கள் நின்ற நிலமும் இக்குத்தகைக்குள் அடங்கியது. இதனால் நிலத்துக்கு அரசு உரிமையாளன், கம்பனி குத்தகைக்காரன், குடும்பம் வெறும் இருப்போன் எனும் முக்கோண நிலை உருவாயிற்று. வீட்டுத்துண்டு ஒன்றை ஒதுக்குவதற்கு மூவரின் இணக்கமும் வேண்டியதாயிற்று. தொண்ணூறுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு எனும் கோரிக்கை வலுப்பெற்று, கடன் அடிப்படையிற் பல வீடுகள் எழுந்தன. எனினும் அவற்றிற் பலவற்றுக்குக் காணி உறுதி நெடுங்காலம் கிட்டவில்லை. கடனைச் செலுத்தி முடித்த பின்னும் நிலம் பிறருடையதாகவே இருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலைச்சரிவு லயன் வரிசைகளைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானதென முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கப்பட்டோருக்குச் செல்வதற்கு வேறு நிலம் இருக்கவில்லை. காணியின்மை என்பது சட்டப் புத்தகங்களுக்குள் அடங்கும் சொல்லன்று, அது உயிரோடு தொடர்புடையது என்பதை அக்காலைப் பொழுது நாட்டுக்கு உணர்த்திற்று.

அதன் பின்னர் மாற்றங்கள் விரைந்தன. 2015இன் பின் உறுதியுடன் கூடிய ஏழு பேர்ச் காணியில் தனிவீடு எனும் கோட்பாடு அரச கொள்கையாயிற்று. இந்திய உதவியுடன் மலையகத்தில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டம் செயற்பட்டது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அதே ஆண்டிற் பிரதேச சபைகள் சட்டமும் திருத்தப்பட்டு, 1987இல் அடைபட்ட வாயில் திறக்கப்பட்டது. ‘லயன்’ எனும் சொல்லின் இடத்தில் ‘கிராமம்’ எனும் சொல் சட்டத்தில் இடம்பெற்றமை சிறிய மாற்றமன்று.

ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி; ஓர் ஏக்கரில் இருபத்திரண்டு குடும்பங்களுக்கு மேல் இடம்பெறக்கூடிய அளவு. பரந்த தோட்டங்களின் பரப்போடு ஒப்பிடின் இது மிகச் சிறிது. அச்சிறு துண்டு ஒன்றரை நூற்றாண்டாகக் கிட்டாமைக்குக் காரணம் நிலப் பஞ்சமன்று. உறைவிடம் தொழிலாளியின் கையிலிருப்பின் அவன் உழைப்பு தோட்டத்தின் கைவிட்டுப் போகும் எனும் அச்சமே அதற்கான காரணம். கோப்பிக் காலத்துக் கொட்டிலும் தேயிலைக் காலத்து லயனும் இவ்வச்சத்தின் மீதே கட்டப்பட்டன. இக்காலத்திலும் தோட்டத்தில் வேலை செய்ய ஒருவரும் இல்லாத குடும்பம் அறையை இழக்க நேருமோ என அஞ்சுவதும், முதியோர் தம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் கொழுந்தெடுக்க நிறுத்திவைக்க விழைவதும் அதன் தொடர்ச்சியே.

இலங்கையின் வீடமைப்புக் கொள்கை வரலாற்றிலிருந்து பெறப்படும் படிப்பினை இதுவாகும்: உழைக்கும் குடும்பத்துக்குரிய வீடு, உழைப்பு நின்ற பின்னும் நிலைப்பதாதல் வேண்டும். நோய் வந்தாலும், வேலை போனாலும், கணவன் இறந்தாலும், பிள்ளை வேறு தொழிலைத் தேடிச் சென்றாலும் கதவு அடைபடாது எனும் உறுதியே வீட்டின் முதற் சுவர். நகர வாடகையாளனுக்கு 1972இலும், சேரிவாசிக்கு 1984இன் பின்னும் நாடு அவ்வுறுதியை வழங்கிற்று. தோட்டத் தொழிலாளிக்கு அதை வழங்கும் பணி தொடங்கியுள்ளது, நிறைவேறவில்லை. பல தோட்டங்களில் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்தே மக்களைச் சேர்ந்தன என்பது யாவரும் அறிந்ததே. வீதியின் பெயரும் வீட்டின் இலக்கமும் எழுதப்பட்ட கடிதம் ஒவ்வொரு குடும்பத்தின் வாயிலுக்கும் நேரே வந்து சேரும் நாளிலேயே தேசிய வீடமைப்புக் கொள்கை உண்மையில் தேசியமானதாகும்.